ராணி எறும்பைத் தேடிப் பிடிப்பது எப்படி: பறப்புப் பருவத்துக்கான வழிகாட்டி

எறும்புக் கூட்டம் ஒன்றை வளர்க்க விரும்புகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு எறும்பு: இணைசேர்ந்து முடித்த ராணி. வேலைக்கார எறும்புகளை நூறு பிடித்து அடைத்தாலும் அவை ஒவ்வொன்றாகச் செத்து ஓய்ந்துவிடும், கூட்டம் பெருகாது. புற்றைத் தோண்டி ராணியை எடுக்கலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ராணி ஆழத்தில் இருக்கும். மண்வெட்டி போய்ச் சேர்வதற்குள் நசுங்கிவிடும். பல ஆண்டுகளாக உழைத்துக் கட்டிய கூடும் பாழாகும். அதற்குத் தேவையும் இல்லை. ஆண்டுக்குச் சில நாட்கள் புது ராணிகள் தாமாகவே வெளியே வந்து, பறந்து, இணைசேர்ந்து, தரையில் இறங்கி நடக்கின்றன. அந்த நாளையும் நேரத்தையும் கணிக்கப் பழகினால் போதும்.

பறப்பன்று என்ன நடக்கிறது

முதிர்ந்த கூடுகள் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே இறக்கை முளைத்த ஆண்களையும் ராணிகளையும் வளர்த்து உள்ளே காக்க வைத்திருக்கும். வானிலை கூடிவரும் நாளில் ஒரு வட்டாரத்தில் உள்ள அதே வகைக் கூடுகள் பல ஒரே நேரத்தில் அவற்றை வெளியே விடும். ராணி ஒரு ஆணோடோ பல ஆண்களோடோ இணைசேரும். அப்போது பெறும் விந்தை வயிற்றுக்குள் இருக்கும் சிறு பையில் சேமித்து வாழ்நாள் முழுதும் அதையே செலவிடும். லாசியஸ் நைகர் என்ற கறுப்புத் தோட்டத்து எறும்பின் ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஆண்களின் கதை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

தரையில் இறங்கிய ராணி முதலில் செய்வது இறக்கையைக் களைவது. உடம்பை ஒருபுறம் சாய்த்து, நடுக்காலையும் பின்காலையும் இறக்கையின் மேல் ஊன்றிக் கீழ்நோக்கி அழுத்தும். இறக்கையின் அடியில் பிறவியிலேயே மெலிந்த ஒரு கோடு உண்டு. அங்கே அது ஒடிந்து விழும். பிறகு ராணி ஓட்டமும் நடையுமாக ஒதுக்கிடம் தேடும். ஈரமண் கிடைத்தால் தாடையால் ஒரு மண் உருண்டையைக் கவ்வி, பின்னோக்கி நடந்து வந்து வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போகும். சிறு அறை அமைந்ததும் வாயிலை அடைத்துவிடும். இறங்கியதிலிருந்து அடைத்துக்கொள்வது வரை அரை மணி நேரம் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். நீங்கள் களத்தில் இருக்க வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

எந்த நாள், எந்த நேரம்

எல்லா வகைக்கும் பொருந்தும் ஒரே தேதி கிடையாது. பல வகைகளுக்கும் பொருந்தும் அறிகுறிகள் உண்டு: நல்ல மழை பெய்து ஓய்ந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள், வானம் வெளுத்து, வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து, காற்று அடங்கியிருக்கும் நாள். மழை இரண்டு விதத்தில் உதவுகிறது. மண் இளகுவதால் ராணிக்குத் தோண்டுவது எளிது. ஈரப்பதம் கூடுவதால் அது உடல் வறண்டு சாவதில்லை. காற்று பலமாக இருந்தால் பறப்பு தள்ளிப்போகும். பிரிட்டனில் 2012 முதல் பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளை ஆராய்ந்ததில், வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸுக்கு மேலும் காற்று வினாடிக்கு 6.3 மீட்டருக்குக் கீழும் இருந்த நாட்களில்தான் எறும்புகள் பறந்தன என்று தெரிந்தது. வெப்ப நாடுகளில் குளிர் தடையாக இருப்பது அரிது. அங்கே மழையையும் காற்றையும் கவனித்தால் போதும்.

வகைக்கு வகை பருவம் மாறும். லாசியஸ் நைகர் ஐரோப்பாவில் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் பறக்கும். மத்தியதரைக் கடல் பகுதியின் மெசோர் பார்பாரஸ் என்ற தானிய எறும்பு இலையுதிர்கால மழைக்குப் பின் பறக்கும். வட அமெரிக்கப் பாலைவனத்துப் போகோனோமிர்மெக்ஸ் கோடை மழைக்குப் பின். கட்டெறும்பு இனமான காம்போனோட்டஸில் பல வகைகள் அந்தியிலோ இருட்டிய பிறகோ கிளம்பும். சில வகைகள் பொழுது புலரும் முன் பறந்துவிடும். ஆகவே உங்கள் ஊரில் இருக்கும் வகை எது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதன் பருவத்தைத் தேடிப் படிப்பதே முறை.

அதைவிட நம்பகமான வழி, சுற்றுவட்டாரப் புற்றுகளை முன்கூட்டியே குறித்துவைப்பது. பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே நடந்து போகும் தூரத்தில் ஐந்தாறு புற்றுகளைத் தேர்ந்தெடுங்கள். மழை விட்ட ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் ஒரு பார்வை பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக வாயில் அகலமாகியிருந்தால், வேலைக்கார எறும்புகள் இரை எடுக்காமல் வாயிலைச் சுற்றிப் பரபரப்பாக ஓடினால், இறக்கை எறும்புகள் தலையை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டால், பறப்பு சில நிமிடங்களில் தொடங்கலாம், ஓரிரு நாள் தள்ளியும் நடக்கலாம். நாள், நேரம், வெப்பநிலை, கடைசி மழை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு பருவம் எழுதிய நோட்டு, எந்த இணையப் பட்டியலை விடவும் உங்கள் தெருவுக்குச் சரியாகப் பொருந்தும்.

ராணியா, இல்லையா

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதல் குழப்பம் ஈசல். விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசல் கறையான் இனம், எறும்பே அல்ல. ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும், இடை ஒடுங்காமல் உடம்பு ஒரே தடிமனாக இருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது; இடை நூலாக ஒடுங்கியிருக்கும்; ராணியின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும்.

இரண்டாவது ஆண் எறும்பு. சிறிய தலை, அதில் துருத்திய பெரிய கண்கள், மெலிந்த உடம்பு, மடங்காமல் நீளும் உணர்கொம்பு. பார்த்த உடனே குளவி என்று தோன்றும். ஆண் இறக்கையைக் களைவதில்லை. விளக்கடியில் கிடக்கும் இறக்கை எறும்புகளில் பெரும்பகுதி ஆண்களாகவே இருக்கும்.

மூன்றாவது, தலை பெருத்த பெரிய வேலைக்கார எறும்பு. கட்டெறும்பு இனத்திலும் ஃபெய்டோல் இனத்திலும் இவை ராணி என்று எண்ணவைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். இங்கே உடம்பின் அளவை நம்பாதீர்கள், மார்பைப் பாருங்கள். பறக்கும் தசைகளைத் தாங்க வேண்டியிருப்பதால் ராணியின் மார்பு புடைத்து, முதுகு கூன்போல் உயர்ந்து, பல தகடுகள் சேர்ந்ததுபோல் தெரியும். அகலம் ஏறக்குறைய தலை அளவுக்கு இருக்கும். வேலைக்கார எறும்பின் மார்பு எவ்வளவு பெரிய எறும்பானாலும் கழுத்துபோல் ஒடுங்கியே இருக்கும். இறக்கை உதிர்ந்த ராணியின் மார்புப் பக்கவாட்டில், இறக்கை இருந்த இடத்தில், சிறு தழும்புகள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அவை தெளிவாகத் தெரியும்.

உடம்பெல்லாம் ரோமமும் சிவப்பு அல்லது வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட, இறக்கையில்லாத ஒரு பூச்சி தனியே வேகமாக ஓடினால் கையை வைக்காதீர்கள். அது எறும்பு போலத் தெரியும் ஒரு பெண் குளவி. அதன் கொடுக்கு மிகுந்த வலி தரும்.

எல்லா வகையிலும் பறக்கும் ராணி இருப்பதில்லை. டையகாம்மா வகைக்குத் தனி ராணியே கிடையாது. டோரிலஸ் போன்ற படை எறும்புகளின் ராணி இறக்கையில்லாதது. இவற்றைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். மரத்தில் இலை பின்னிக் கூடு கட்டும் முசுறின் ராணி தரையில் குழி தோண்டாது. பசுமை கலந்த நிறமுள்ள அந்த ராணியை இலை மடிப்புகளில் தேட வேண்டும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

மூடியோடு கூடிய சிறு குப்பிகள் ஆறு முதல் பத்து வரை, 20 முதல் 30 மில்லி கொள்ளளவு போதும். ஒவ்வொன்றிலும் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த காகிதத் துண்டு ஒன்று. தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் ராணி மூழ்கிச் சாகும். ஈரமே இல்லாவிட்டால் வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மென்மையான ஓவியத் தூரிகை, நெற்றியில் கட்டும் டார்ச், லென்ஸ், ஒட்டுத்தாள், பேனா. இடுக்கி வேண்டாம். இடையைக் கவ்வினால் ராணி உள்காயம் பட்டு, இரண்டு நாள் கழித்துக் காரணமே தெரியாமல் சாகும். கொசு விரட்டி பூசிய கையோடும் போகாதீர்கள். அந்தப் பூச்சு குப்பிக்குள் போனாலே எறும்புக்குக் கேடு.

தேடும் இடம்

பறப்பு தொடங்கியதும் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நீங்கள் இருபது முப்பது நிமிடம் காத்திருந்து தரையைப் பாருங்கள். புல்வெளியில் ராணி கண்ணில் படாது. சிமெண்ட் நடைபாதை, கருங்கல் தளம், தார்ச்சாலை ஓரம், விளையாட்டு மைதானம், செடியில்லாத மண்பாதை ஆகிய இடங்களில்தான் சட்டென்று தெரியும். சுவர் தரையைத் தொடும் கோட்டை ஒட்டியே நடங்கள். திறந்த வெளியைக் கடந்த ராணி அங்கே வந்து திரும்பி, விளிம்போடு ஓடும். உதிர்ந்த இறக்கைகள் தரையில் கிடந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஐந்தாறு மீட்டர் வட்டமாகத் தேடுங்கள்.

நடையைக் கவனிப்பதும் உதவும். இறக்கை உதிர்த்து, இடுக்குகளில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டு ஓடும் ராணி பெரும்பாலும் இணைசேர்ந்தது. இறக்கையோடு புல் நுனிக்கோ சுவர் உச்சிக்கோ ஏறிக்கொண்டே இருப்பது இன்னும் பறக்கக் காத்திருப்பதாக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

இரவில் பறக்கும் வகைகளுக்கு வெள்ளைத் துணியும் விளக்கும் வேண்டும். புற ஊதாக் கதிர் கலந்த விளக்குக்குப் பூச்சிகள் அதிகம் வரும், மஞ்சள் ஒளிக்குக் குறைவு. துணியை நிமிர்த்திக் கட்டி அதன் கீழ் முனையைத் தரையில் விரித்துவிட்டால், விழும் ராணிகள் தெளிவாகத் தெரியும். ஒன்றை மறக்காதீர்கள்: விளக்குக்கு வரும் ராணிகளில் இணைசேராதவையும் கலந்திருக்கும்.

பறப்பைத் தவறவிட்டாலும் வழி உண்டு. அடுத்த சில நாட்களில் ஈரமண்ணில் புதிதாகத் தோன்றிய, எறும்பு நடமாட்டமே இல்லாத சிறு மண்குவியல்களையும், தட்டையான கற்களின் அடியையும் பாருங்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே மெதுவாகத் திரும்ப வையுங்கள். அதன் கீழ் வாழ்வன வேறு பல.

பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் பிடிக்கவே வேண்டாம். அங்கே நன்றாக ஓடும் ராணிகூட வாரக் கடைசியில் செத்துக் கிடக்கும்.

பிடிப்பது

குப்பியின் வாயை ராணி போகும் திசையில் தரையோடு படுக்க வையுங்கள். பின்னால் தூரிகையையோ ஓர் இலையையோ கொண்டுவந்தால் அது தானாகவே இருட்டுக்குள் நுழையும். விரட்ட வேண்டாம், வழிமறித்தால் போதும்.

ஒரு குப்பிக்கு ஒரே ராணி. ஃபார்மிசினே துணைக்குடும்பத்து எறும்புகள் (லாசியஸ், கட்டெறும்பு, முசுறு போன்றவை) மிரண்டால் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். மூடிய சிறு குப்பியில் அந்த ஆவி அவற்றையே கொன்றுவிடும். அதனால்தான் மிரளவிடாமல் பிடிக்கச் சொல்கிறோம். பிடித்த சிறிது நேரத்தில் மூடியை ஒருமுறை திறந்து காற்றோட்டம் கொடுங்கள். சில வகை ராணிகள் சேர்ந்து கூடு தொடங்கும் என்பது உண்மை. லாசியஸ் நைகரும் அப்படிச் செய்யும், ஆனால் முதல் வேலைக்கார எறும்புகள் வந்ததும் ராணிகளுக்குள் சண்டை மூண்டு ஒன்றுதான் மிஞ்சும். தொடக்கத்தில் தனித்தனியாக வைப்பதே பாதுகாப்பு.

அப்போதே ஒட்டுத்தாளில் நாள், நேரம், இடம், இறக்கை இருந்ததா இல்லையா என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் குப்பியைக் கட்டக் காகிதத்தின் மேல் வைத்து நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். வகையை அடையாளம் காண இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உதவ முடியாது.

எத்தனை எடுக்கலாம்? ஒரு வகைக்கு மூன்று போதும். ஒன்று இணைசேராமல் இருக்கலாம், ஒன்று நோயில் போகலாம், ஒன்று நிலைக்கும். பறந்த ராணிகளில் மிகப் பெரும்பாலானவை இயற்கையிலேயே பறவைக்கும் சிலந்திக்கும் மற்ற எறும்புகளுக்கும் இரையாகிவிடும் என்பது மூட்டையாக அள்ளுவதற்கு அனுமதி ஆகாது. பாதுகாக்கப்பட்ட காட்டிலும் பூங்காவிலும் எடுக்கக் கூடாது. எல்லை கடத்துவது கடுங்குற்றம். 2025-ல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சு அடைத்த குழாய்களில் வைத்திருந்த இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் பிடிபட்டார்கள். அவர்களுக்குத் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது 12 மாதச் சிறை என்று தீர்ப்பானது. வளர்த்த கூட்டத்தை வேறு ஊரில் திறந்துவிடுவதும் அதே அளவு தவறு; அந்நிய எறும்பு ஒன்று பரவினால் உள்ளூர் எறும்புகளை அது அழித்துவிடும்.

டெஸ்ட் டியூபில் குடியேற்றம்

கட்டெறும்பு அளவு ராணிக்கு 16 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட கண்ணாடி டெஸ்ட் டியூப் சரியாக இருக்கும். 5 மி.மீ. அளவுச் சிற்றெறும்பு ராணிக்கு 10 முதல் 12 மி.மீ. விட்டமே நல்லது, அகன்ற குழாயில் அது ஒரு மூலையில் அமராமல் அலைந்துகொண்டே இருக்கும்.

1. குழாயைச் சோப்பு இல்லாமல் கழுவி, குடிநீரை 6 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்நீர் என்றால் ஒரு நாள் திறந்துவைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

2. பஞ்சைக் கெட்டியாக உருட்டி, குச்சியால் தள்ளி, நீர்மட்டத்தைத் தொடவையுங்கள். அடிப்பகுதி நனைந்து மேற்பகுதி ஈரமாகக் கறுத்தால் சரி. பஞ்சின் மேலே தண்ணீர் தேங்கினால் அதிகம் தள்ளிவிட்டீர்கள். வேறு பஞ்சு போடுங்கள். பஞ்சுக்கும் நீருக்கும் இடையே பெரிய காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. அறை சூடேறும்போது குமிழ் விரிந்து தண்ணீரை ராணியின் பக்கம் தள்ளும். குழாய்க்குள் வெள்ளம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

3. நடுவில் 5 செ.மீ. காலி இடம் விட்டு, ராணியை உள்ளே விட்டு, வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள். காற்று புகும் அளவுக்குத் தளர்வாக, ஆனால் தாடையால் இழுத்துப் பிரிக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக.

ராணி குப்பியைவிட்டு வர மறுத்தால் இரண்டு வாய்களையும் ஒட்டி டேப் சுற்றி, புதுக் குழாயைத் துணியால் மூடிவிட்டுக் குப்பியை வெளிச்சத்தில் வையுங்கள். தட்டாதீர்கள், குலுக்காதீர்கள்.

காத்திருப்பு

24 முதல் 28 டிகிரி வெப்பம், இருட்டு, அதிர்வில்லாத இடம். அடிக்கடி திறந்து மூடும் மேசை இழுப்பறை கூடாது. நேர் வெயில் ஐந்து நிமிடம் பட்டாலும் கண்ணாடிக் குழாய் அடுப்பாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, அரை நிமிடம் பார்த்தால் போதும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. தினமும் எடுத்துப் பார்க்கும் ராணி ஆபத்து என்று உணர்ந்து தன் முட்டைகளையே தின்றுவிடும்.

பெரும்பாலான வகை ராணிகளுக்கு இந்தக் காலத்தில் உணவே வேண்டாம். பறக்கப் பயன்பட்ட தசைகள் உடலுக்குள் கரைந்து, ராணிக்கும் முதல் புழுக்களுக்கும் உணவாகின்றன. ஆனால் மிர்மிகா, ஓடோன்டோமாகஸ், ஹார்ப்பெக்னாதஸ் போன்றவற்றின் ராணிகள் இரை தேடி வெளியே போகும் பழக்கமுள்ளவை. அவற்றுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சிறு பூச்சித் துண்டு கொடுக்காவிட்டால் பட்டினியில் சாகும். லாசியஸ் அம்ப்ராட்டஸ் போன்ற ஒட்டுண்ணி வகை ராணி, வேறு எறும்பின் கூட்டில் புகுந்துதான் தொடங்கும். தலை பெரிதாகவும் வயிறு சிறிதாகவும் இருக்கும் லாசியஸ் ராணி கிடைத்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். இலைவெட்டி எறும்பின் ராணி தாயகக் கூட்டிலிருந்து பூஞ்சைத் துணுக்கை வாயில் கொண்டுவந்து வளர்க்கும்; அதைப் பிழைக்கவைப்பது புதியவருக்கான வேலை அல்ல.

கோடையிலும் மழைக்காலத்திலும் பறக்கும் பல வகைகளில் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டைக் குவியல் தெரியும். மிதவெப்ப நாடுகளில் பருவக் கடைசியில் பறக்கும் சில ராணிகள் குளிர்காலம் கழிந்தபின்தான் முட்டையிடும். இறக்கை உதிராத ராணியை உடனே ஒதுக்கிவிடாதீர்கள், இணைசேர்ந்த பிறகும் சில இறக்கையோடே முட்டையிடும். எதிர்ப்புறமும் உண்டு: குழாயில் மிரண்டு இறக்கையை உதிர்த்தது இணைசேராத ராணியாகவும் இருக்கலாம். அதன் முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும்.

பஞ்சில் சிறு கறுப்புப் பூஞ்சைப் புள்ளி வந்தால் பதற வேண்டாம். பூஞ்சை முட்டைகளை நெருங்கினாலோ தண்ணீர் தீர்ந்தாலோதான் புதுக் குழாயை வாயோடு வாய் ஒட்டி, பழையதன் மேல் வெளிச்சம் விழவிட்டு, ராணி தானாக மாறக் காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் சரி.

முதல் வேலைக்கார எறும்புகள் வர சில வகைகளில் நான்கு வாரம், லாசியஸிலும் கட்டெறும்பு இனத்திலும் ஆறு முதல் பத்து வாரம்வரை ஆகும். அவை வழக்கமான அளவைவிடச் சிறியவை, நிறம் வெளிறியிருக்கும், இரண்டு மூன்று நாள் ராணியை விட்டு நகராது. அந்த நாட்களையும் விட்டுவிட்டு, அதற்குப் பின் வாய்ப்பஞ்சை மெதுவாக எடுத்து, சிறு ஃபாயில் துண்டின் மேல் குண்டூசித் தலை அளவு சர்க்கரை நீர் வையுங்கள்: ஒரு பங்கு சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். கெட்டித் தேன் வேண்டாம், இவ்வளவு சிறிய எறும்புகள் ஒட்டிக்கொண்டு சாகும். கூடவே கொன்ற பழ ஈ ஒன்று. மறுநாள் மிச்சத்தை ஃபாயிலோடு எடுத்துவிடுங்கள். வயிறு புடைத்து, தகடுகளுக்கு இடையே கோடு தெரிய ஓர் எறும்பு திரும்பி வந்து ராணியின் வாயோடு வாய் வைத்தால், உணவு போய்ச் சேர்ந்துவிட்டது.